இரும்புக்கும் சுண்ணாம்புக்கும் நடுவே

செக்காலை ரோட்டு மெடிக்கலில்
ஆறு வருடமாக நிற்கிறேன்.
நெஞ்செரிச்சல் என்று யார் வந்தாலும்
கை தானாகவே
மூன்றாவது தட்டின் இடது மூலைக்குப் போகும்.
கல்யாண மண்டபத்திலிருந்து நேரே வருபவர்கள்
கோழி வறுவலின் மிளகு மூச்சில் மணக்க
'நாலு மட்டும் வெட்டிக் குடும்மா' என்பார்கள்.
அட்டையைக் கத்தரி கடிக்கும் சத்தம்
எனக்குத் தூக்கத்திலும் கேட்கும்,
தூக்கம் என்று ஒன்று இருந்தபோது.

இப்போது இருபத்தொன்பதாவது வாரம்.
நான் படுத்தால் தீ எழுந்துகொள்கிறது.
உள்ளே ஒருவர் கால் நீட்ட
ஒண்டுக் குடித்தனக்காரன் மாதிரி
புளிப்பு தொண்டைவரை ஏறி வந்து
எட்டிப் பார்த்துவிட்டு இறங்குகிறது.
மூன்று தலையணையில் சாய்ந்து
தேவகோட்டைப் பக்கம் போகும் லாரிகளை எண்ணுகிறேன்.
நேற்று முப்பத்தேழு.

'பிள்ளைக்கு முடி அடர்த்தி, அதான் எரியுது'
என்கிறாள் முன்கட்டு ராக்கம்மாள்.
'ஒரு சிட்டிகை சோடா உப்பு போட்டுக் குடி'
என்கிறார் பேக்கரி சந்தனசாமி.
'மாசமா இருக்கையில மாத்திரையைக் கண்ணால பார்க்காதே'
போனில் நாத்தனார்.
நான் நாள் முழுக்கப் பார்ப்பதே அதைத்தான்.

கடை மூடும் நேரம்
டப்பிக்குள் எட்டாக மடித்திருந்த தாளை
விளக்கடியில் விரித்தேன்.
எறும்பு எழுத்தில் ஒரு வரி:
கர்ப்பிணிகளுக்கு, பலன் அபாயத்தை மிஞ்சுமென
மருத்துவர் கருதினால் மட்டும்.
யாரைக் காப்பாற்ற எழுதிய வரி இது?
திரும்ப எட்டாக மடிக்க வரவில்லை.
எப்போதும் வராது.

கழனிவாசலில் டோக்கன் நாற்பத்தொன்று.
'எத்தனை நாளா?'
'ஏழு வாரம், டாக்டர்.'
தேனம்மை டாக்டர் பேனாவை வைத்துவிட்டார்.
'மருந்துக்கடையில நின்னுக்கிட்டா?'

போன முறை
சளிக்கு ஒரு மாத்திரை போட்ட மறுநாள்
எல்லாம் முடிந்துபோயிற்று.
மாத்திரை காரணமில்லை என்றார்கள்.
நம்பினேன்,
பகல் வேளைகளில்.

அதைச் சொன்னேனா என்று நினைவில்லை.
சொல்லியிருக்க வேண்டும்.
டாக்டர் வெகுநேரம் எழுதாமல் இருந்தார்.
பிறகு ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல்:
சாப்பிட்ட பின் இதைச் சப்பலாம், பயமில்லை.
இரும்புச் சத்து மாத்திரைக்கும் இதற்கும்
இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடு,
சேர்ந்தால் இரும்பு உடம்பில் ஒட்டாது.
சோடா உப்பு வேண்டவே வேண்டாம்.
இதற்கு அடங்காவிட்டால் அடுத்தது இருக்கிறது, வா.
விலா எலும்புக்குக் கீழே வலது பக்கம் வலித்து
தலையும் இடித்து, முகம் வீங்கினால்
அது நெஞ்செரிச்சல் இல்லை,
ராத்திரி என்று பார்க்காதே.

முதல் மாத்திரையைப் பின்கட்டில் நின்று கடித்தேன்.
பொடிந்தது.
இந்த ருசி எனக்குத் தெரியும்.
நாலாம் மாதம் ஒரு மத்தியானம்
யாருமில்லாத நேரம்
இந்த வீட்டின் வழவழத்த சுண்ணாம்புச் சுவரை
நாக்கால் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.
அதேதான்.
கொஞ்சம் புதினா கூடுதல்.
இரவு லாரிகள் ஒன்பதோடு நின்றன.
நின்றது லாரியா நானா, தெரியாது.

இன்று ஒரு பெண் வந்தாள்,
புதுவயல் பக்கமாம்,
துப்பட்டாவால் வயிற்றை மறைத்துக்கொண்டு.
'எரிச்சலுக்கு ஏதாவது…
எனக்குக் கொடுக்கலாமா அக்கா?'
நான் போடுகிறேன், ஒத்துக்கொண்டது
என்று வாய்வரை வந்தது.
கை மூன்றாவது தட்டுக்குப் பாதி போய்
திரும்பி வந்தது.
எத்தனை மாசம் என்று கேட்டேன்.
வேறு என்ன மாத்திரை போடுறே என்று கேட்டேன்.
பதில் சொல்லாமல்
என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஸ்டூலை நகர்த்திப் போட்டு
கழனிவாசல் மினி பஸ் நாலு இருபதுக்கு என்றேன்.
உட்கார்ந்தாள்.
மணி மூன்றே முக்கால்.